மாதிரி ரெஸ்பான்ஸைச் சேமிக்கும் வசதிக்கு ஆவணம்: பட்டனுக்கு இரண்டு வரி போதும், மீதியை எதற்குச் செலவழிப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: உங்கள் குழு தனக்காகவே எழுதிக்கொண்ட ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) கருவியில், ஒரு ரிக்வெஸ்ட் (கேள்வி) அனுப்பி வந்த ரெஸ்பான்ஸை (பதிலை) மாதிரியாகச் சேமித்து வைக்கும் வசதி புதிதாக வந்திருக்கிறது, அதற்கு ஆவணம் எழுதும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. “சேவ் பட்டனை அழுத்து, பெயர் கொடு, முடிந்தது. இதற்கு மேல் என்ன எழுதுவது?” என்று கேட்கிறீர்கள்.

பட்டனைப் பற்றி எழுத உண்மையிலேயே ஒன்றும் இல்லை. நான் இதே போன்ற வசதிக்கு இரண்டு முறை ஆவணம் எழுதியிருக்கிறேன். முதல் முறை ஒன்பது ஸ்கிரீன்ஷாட் வைத்து, எங்கே சொடுக்க வேண்டும் என்று அம்புக்குறி எல்லாம் போட்டு எழுதினேன். யாரும் படிக்கவில்லை, படிக்கத் தேவையும் இருக்கவில்லை, பட்டன் கண்ணுக்கு எதிரேதான் இருந்தது. ஆனால் சேமித்து இரண்டு மூன்று மாதம் கழித்து “நான் ரிக்வெஸ்டை மாற்றினேனே, மாதிரி ஏன் பழையதையே காட்டுகிறது?”, “மாக் சர்வர் (நிஜ சர்வருக்குப் பதிலாக, சேமித்த மாதிரியைத் திருப்பி அனுப்பும் போலி சர்வர்) ஏன் எப்போதும் இதையே திருப்பி அனுப்புகிறது?”, “என் டோக்கன் (உள்நுழைவுக்கான ரகசியக் குறி) எப்படி வெளியே போனது?” என்று ஆள் ஆளாக வந்து கேட்டார்கள். அந்தக் கேள்விகளை வைத்துத்தான் இரண்டாவது முறை எழுதினேன். அதனால் நீங்களும் சேமித்த பிறகு நடப்பதை எழுதுங்கள்.

முதலில் சொல்ல வேண்டியது, சேமித்த மாதிரி என்பது ரெஸ்பான்ஸ் மட்டும் அல்ல என்பது. போஸ்ட்மேன் என்ற ஏபிஐ கருவியை எடுத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலானவர்களுக்குப் பழக்கமானது அதுதான். ஒரு கலெக்‌ஷனை (ரிக்வெஸ்டுகளின் தொகுப்பு) ஏற்றுமதி செய்து அந்த ஜேசன் ஃபைலைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் கீழே ரெஸ்பான்ஸ் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் ஒவ்வொரு மாதிரிக்கும் பெயர், ஸ்டேட்டஸ் கோட் (வெற்றியா பிழையா என்று சொல்லும் எண்), ஹெடர்கள் (கூடுதல் விவர வரிகள்), பாடி (உள்ளடக்கம்) இவற்றோடு ‘ஒரிஜினல் ரிக்வெஸ்ட்’ என்று அந்த ரிக்வெஸ்டின் முழு நகலும் தனியாக உட்கார்ந்திருக்கும். அதாவது மாதிரி தன்னுடைய ரிக்வெஸ்டைத் தானே சுமந்துகொண்டு போகிறது. பிறகு நீங்கள் மேலே இருக்கும் ரிக்வெஸ்டில் ஒரு குவெரி பாராமீட்டரைச் சேர்த்தாலும் பெயரை மாற்றினாலும் மாதிரிக்குள் இருக்கும் நகல் தானாக மாறாது. இது தெரியாதவர்தான் “உங்கள் கருவியில் பிழை” என்று வருவார். உங்கள் கருவி நகல் எடுக்கிறதா, மூல ரிக்வெஸ்டைச் சுட்டிக்காட்ட மட்டும் செய்கிறதா என்று எழுதியவரிடம் கேட்டு, ஆவணத்தின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். எது சரியான வடிவமைப்பு என்ற வாதம் இங்கே வேண்டாம் (எனக்கு நகல்தான் பிடிக்கும், எந்தக் கேள்விக்கு இந்தப் பதில் வந்தது என்பது அப்போதுதான் பொய்யாகாமல் இருக்கும்).

அடுத்து வேரியபிள்கள். ரிக்வெஸ்டில் இரட்டை அடைப்புக்குள் வேரியபிள் பெயர் போட்டிருந்தால், சேமிக்கும்போது அந்தப் பெயர் அப்படியே போகிறதா, இல்லை அந்த நேரத்தில் அதற்கு இருந்த மதிப்பு போகிறதா? இரண்டுக்கும் விளைவு வேறு. பெயர் போனால், ஆறு மாதம் கழித்து வேறு என்விரான்மென்ட்டில் (வேரியபிள் மதிப்புகளின் வேறு தொகுப்பில்) திறப்பவருக்கு யூஆர்எல் வேறாகத் தெரியும், எந்த சர்வரில் எடுத்த பதில் என்பது தெரியாது. மதிப்பு போனால், அதற்குள் ஏபிஐ கீ இருந்தால் அதுவும் சேர்ந்தே போய்விடும்.

இந்த இடத்தில்தான் ஆவணத்தில் அதிக இடம் ஒதுக்கச் சொல்வேன். ரகசியங்களை வேரியபிளில் வையுங்கள் என்று எல்லோரும் எழுதுவார்கள், எழுதிவிட்டுப் பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். வேரியபிள் காப்பாற்றுவது ரிக்வெஸ்டை மட்டும்தான். லாகின் ரிக்வெஸ்டை நினைத்துப் பாருங்கள்: கடவுச்சொல் வேரியபிளில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் அதற்கு வரும் ரெஸ்பான்ஸின் பாடியில் ஆக்சஸ் டோக்கன் வருகிறது, கூடவே புது ஆக்சஸ் டோக்கன் வாங்க உதவும் ரெஃப்ரெஷ் டோக்கன் வருகிறது, ஹெடரில் செட்-குக்கி என்று செஷன் ஐடி வருகிறது. இதெல்லாம் சர்வர் அனுப்பிய வெறும் எழுத்துகள், கருவிக்கு இவை ரகசியம் என்று தெரிய வழியில்லை, வந்தது வந்தபடி சேமித்துவிடும். அப்புறம் அந்தக் கலெக்‌ஷனை ஆவணமாக வெளியிட்டால் அல்லது ரெப்போவில் (குழு கோடைப் பகிரும் இடத்தில்) போட்டால், கதை முடிந்தது. ரெஃப்ரெஷ் டோக்கன் பொதுவாக ஆக்சஸ் டோக்கனைவிட நீண்ட காலம் உயிரோடு இருக்கும் என்பதால் “எப்படியும் சிறிது நேரத்தில் காலாவதியாகிவிடும்” என்ற சமாதானமும் செல்லாது. காலாவதியான ஜேடபிள்யூடி (விவரங்களைத் தனக்குள்ளேயே சுமக்கும் ஒரு டோக்கன் வகை) டோக்கனிலும் விஷயம் இருக்கிறது, வழக்கமான ஜேடபிள்யூடி கையெழுத்து இடப்பட்டது மட்டும்தான், மறைக்கப்பட்டது அல்ல. நடுப்பகுதியை பேஸ்64-இலிருந்து பிரித்தால் யூசர் ஐடி, மின்னஞ்சல் என்று உள்ளே என்ன வைத்தார்களோ அதை யாரும் படிக்கலாம், அதற்குச் சாவி தேவையில்லை.

எனவே ஆவணத்தில் ஒரு கட்டளையாகவே எழுதுங்கள்: சேமித்த உடனே மாதிரியைத் திறந்து டோக்கன், குக்கி, உண்மையான ஆட்களின் பெயர், தொலைபேசி எண் இவற்றை மாற்றுங்கள். உங்கள் கருவியில் தானாக மறைக்கும் வசதி இருந்தால் அது எந்தெந்த ஹெடர்களை மறைக்கிறது என்று பெயர் பெயராகப் பட்டியல் போடுங்கள். “முக்கியமான தகவல்கள் மறைக்கப்படும்” என்ற வாக்கியம் ஆபத்தானது, படிப்பவர் தனக்கு முக்கியமானதெல்லாம் மறைந்துவிடும் என்று நம்பிவிடுவார். ஏற்கெனவே ரெப்போவில் ஏறிவிட்டால் ஃபைலைத் திருத்துவது போதாது, பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும் கிட் வரலாற்றில் அது இருக்கும், டோக்கனையே ரத்து செய்ய வேண்டும் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

சரி, எடுத்துவிட்டு அதற்குப் பதில் எதைப் போடுவது? மனம் போன போக்கில் ஒரு டொமைன் பெயரை அடித்தால், அது நிஜமாகவே யாருக்காவது சொந்தமாக இருக்கும். மாதிரியில் இருக்கும் மின்னஞ்சலுக்கு யாரோ ஒரு டெவலப்பர் தெரியாமல் நூறு சோதனைக் கடிதம் அனுப்பிவிடுவார். இதற்கென்றே ஒதுக்கிவைத்த பெயர்கள் இருக்கின்றன: 1999-இல் வந்த ஆர்எஃப்சி 2606 (ஆர்எஃப்சி என்பது இணையத்தின் பொது விதிகளைப் பதிவுசெய்யும் ஆவண வரிசை), எக்ஸாம்பிள் டாட் காம், எக்ஸாம்பிள் டாட் நெட், எக்ஸாம்பிள் டாட் ஆர்க் ஆகிய மூன்றையும் ஆவணங்களுக்காகவே ஒதுக்கியது. ஐபி முகவரிக்கு ஆர்எஃப்சி 5737 மூன்று தொகுதிகளை ஒதுக்கியிருக்கிறது, 192.0.2.0/24, 198.51.100.0/24, 203.0.113.0/24. இந்த மூன்றிலிருந்து எதையாவது எடுத்துப் போட்டால் யாருடைய கணினியும் மாட்டிக்கொள்ளாது. தேதிகளை மாற்றும்போது சர்வர் அனுப்பும் அதே வடிவத்தில் மாற்றச் சொல்லுங்கள். ஆர்எஃப்சி 3339 வடிவத்தில் நேர மண்டலத்தோடு வரும் தேதியை ஒருவர் கையால் திருத்தும்போது கடைசியில் இருக்கும் இசட் எழுத்தை (யூடிசி நேரம் என்பதன் குறி) விட்டுவிட்டால், அதைப் பார்த்து கிளையன்ட் எழுதுபவர் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்வார்.

எண்களிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் 9007199254740991-க்கு மேல் போகும் முழு எண்கள் துல்லியமாக நிற்பதில்லை. சர்வர் 19 இலக்க ஐடியை எண்ணாக அனுப்பி, கருவி அதை ஜாவாஸ்கிரிப்டில் பிரித்து அழகுபடுத்திச் சேமித்தால், கடைசிச் சில இலக்கங்கள் மாறிப்போயிருக்கும், கண்ணுக்கு எதுவும் தெரியாது. உங்கள் கருவி வந்த எழுத்துகளை அப்படியே வைக்கிறதா, பிரித்து மறுபடி எழுதுகிறதா என்று ஒரே ஒரு பெரிய எண்ணை அனுப்பி நீங்களே சோதித்துப் பார்த்து எழுதுங்கள். வெப்ஹுக் (சர்வர் தானாக அனுப்பும் அறிவிப்பு) கையெழுத்தைச் சோதிக்க மாதிரியைப் பயன்படுத்துபவருக்கும் இதே தகவல்தான் வேண்டும். அந்தக் கையெழுத்தைப் போடும் எச்மேக் கணக்கு பாடியின் மூல பைட்டுகள் மேல் போடப்படுவது, அழகுபடுத்தும்போது ஒரு இடைவெளி கூடினாலும் கையெழுத்து பொருந்தாது, பாவம் அவர் தன் கோடில் தப்பு இருப்பதாக நினைத்து அரை நாள் தேடுவார்.

ஹெடர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நான் ஒரு முழு மாலையைத் தொலைத்திருக்கிறேன். சர்வர் பாடியை ஜிஜிப் செய்து (சுருக்கி) அனுப்புகிறது, கருவி அதை விரித்து உங்களுக்குக் காட்டுகிறது, சேமிக்கும்போது விரித்த பாடியும் கூடவே “கன்டென்ட்-என்கோடிங்: ஜிஜிப்” என்ற ஹெடரும் சேர்ந்து போகின்றன. பிறகு மாக் சர்வர் இந்த இரண்டையும் ஒன்றாகத் திருப்பி அனுப்புகிறது. வாங்கும் கிளையன்ட் ஹெடரை நம்பி ஏற்கெனவே விரிந்திருக்கும் எழுத்தை மறுபடி விரிக்கப் பார்த்து விழுகிறது. கன்டென்ட்-லென்த்தும் இப்படித்தான், பாடியைக் கையால் திருத்திவிட்டுப் பழைய நீளத்தை விட்டுவைத்தால் ரெஸ்பான்ஸ் பாதியில் வெட்டுப்படும் அல்லது கிளையன்ட் காத்துக்கொண்டே நிற்கும். உங்கள் கருவி இந்த ஹெடர்களைத் தானே நீக்குகிறது என்றால் சொல்லுங்கள், இல்லை என்றால் எதை எல்லாம் கையால் நீக்க வேண்டும் என்று சொல்லுங்கள். பிடிஎஃப், படம் போன்ற பைனரி ரெஸ்பான்ஸைச் சேமிக்க முடியுமா, எவ்வளவு பெரிய பாடி வரை தாங்கும் என்பதும் இதே பத்தியில் அடங்கிவிடும்.

பெயர் வைப்பதற்கு விதி ஒன்று இருந்தால் போதும்: பெயரைப் படித்தாலே எந்த நிலைமையில் இந்தப் பதில் வரும் என்று தெரிய வேண்டும். “200 ஓகே” என்று வைத்தால் அது ஸ்டேட்டஸ் கோடையே திரும்பச் சொல்கிறது. “ஆர்டர் இருக்கிறது, பணம் இன்னும் கட்டவில்லை” என்று வைத்தால் படிப்பவருக்கு விஷயம் புரிகிறது. பெயரே வைக்காமல் விட்டவை எல்லாம் ரிக்வெஸ்டின் பெயரையே எடுத்துக்கொண்டு, ஒரே பெயரில் ஏழு மாதிரி நின்ற கலெக்‌ஷனை நான் பார்த்திருக்கிறேன்.

எந்தெந்த மாதிரிகளைச் சேமிக்க வேண்டும் என்பது கருவியின் ஆவணத்துக்குள் வருமா என்று நீங்கள் யோசிக்கலாம். வரும். அது இல்லாவிட்டால் எல்லோரும் வெற்றி பெற்ற ஒரே பதிலைச் சேமித்துவிட்டுப் போய்விடுவார்கள், அது மனித இயல்பு, வேலை செய்தது என்ற மகிழ்ச்சியில்தான் சேவ் பட்டனை அழுத்தத் தோன்றும். ஒரு பழைய வேலையில் எங்களுக்கு இது நன்றாகவே நடந்தது. பட்டியல் தரும் ஒரு ஏபிஐக்கு மூன்று பொருள் கொண்ட மாதிரி ஒன்றுதான் சேமித்திருந்தோம். மொபைல் குழு அதை வைத்து மொத்தத் திரையையும் கட்டிவிட்டது. உண்மையான சர்வர், பொருள் ஒன்றும் இல்லாதபோது காலிப் பட்டியல் அனுப்பாமல் ‘நல்’ (மதிப்பே இல்லை என்ற குறி) அனுப்பிக்கொண்டிருந்தது. புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு பயனருக்கும், அதாவது பட்டியல் காலியாக இருக்கும் அத்தனை பேருக்கும், முதல் திரையிலேயே ஆப் மூடிக்கொண்டது. சர்வர் எழுதியவரைத் திட்டலாம், ‘நல்’ அனுப்பியது அவர் தப்புதான், ஆனால் காலியான நிலையில் ஒரு மாதிரி எடுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

ஆகவே காலிப் பட்டியல், விருப்ப ஃபீல்டுகள் எதுவும் இல்லாத மிகச் சிறிய பதில், எல்லா ஃபீல்டும் நிரம்பிய மிகப் பெரிய பதில், இந்த மூன்றையும் எடுக்கச் சொல்லுங்கள். பிழைகளில் 401-க்கும் 403-க்கும் தனித்தனியாக எடுக்கச் சொல்லுங்கள். யார் என்றே தெரியவில்லை என்பதும் யார் என்று தெரிகிறது ஆனால் அனுமதி இல்லை என்பதும் வேறு வேறு, ஆனால் இந்த இரண்டையும் குழப்பும் சர்வர்கள் ஏராளம், மாதிரி எடுக்கும்போதுதான் அந்தக் குழப்பம் வெளியே வரும். 429 (அளவுக்கு மீறி ரிக்வெஸ்ட் அனுப்பினால் வருவது) எடுத்தால், எவ்வளவு நேரம் கழித்து மறுபடி கேட்கலாம் என்று சொல்லும் ரீட்ரை-ஆஃப்டர் ஹெடர் வருகிறதா என்று பார்த்து அதையும் வைத்துக்கொள்ளுங்கள், கிளையன்ட் எழுதுபவருக்குப் பாடியைவிட அந்த ஹெடர்தான் தேவை. 204-க்கு (வெற்றி, ஆனால் திருப்பி அனுப்ப ஒன்றும் இல்லை) பாடியே கிடையாது, உங்கள் கருவி பாடி இல்லாத மாதிரியைச் சேமிக்க விடுகிறதா என்று ஒரு முறை சோதியுங்கள், எங்களுடையது முதலில் விடவில்லை. பிழைப் பதில்களின் வடிவம் ஒவ்வொரு ஏபிஐக்கும் ஒவ்வொரு விதமாக இருந்தால், 2023-இல் வந்த ஆர்எஃப்சி 9457 என்ற பொது வடிவம் இருக்கிறது என்று குழுவின் காதில் போட்டுவையுங்கள், அது கருவியின் ஆவணத்துக்கு வெளியே உள்ள விஷயம். 500 (சர்வரின் உள்பிழை) வேண்டுமென்று சர்வரை உடைக்கத் தேவையில்லை, கருவியில் மாதிரியைக் கையால் எழுத முடியும் என்றால் அப்படி எழுதியது என்று பெயரிலேயே குறிப்பிடட்டும். நிஜமாக வந்ததும் ஒருவர் கற்பனையில் எழுதியதும் அடையாளம் இல்லாமல் கலந்து கிடந்தால் பிறகு இரண்டையுமே நம்ப முடியாது.

சேமித்த மாதிரிகளிலிருந்து மாக் சர்வர் ஓடுகிறது என்றால், எந்த மாதிரியைத் தேர்ந்தெடுக்கும் என்ற விதியை எழுதாமல் விடவே கூடாது. போஸ்ட்மேனின் மாக் சர்வர் ரிக்வெஸ்டின் மெத்தட் (எடு, சேர், நீக்கு போன்ற செயல் வகை), பாத் (யூஆர்எல்லில் டொமைனுக்குப் பின் வரும் பகுதி) இவற்றைச் சேமித்த மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பொருத்தமானதை எடுக்கும். குறிப்பாக ஒன்று வேண்டுமென்றால் எக்ஸ்-மாக்-ரெஸ்பான்ஸ்-நேம், எக்ஸ்-மாக்-ரெஸ்பான்ஸ்-கோட் போன்ற ஹெடர்களை வைத்துக் கேட்கலாம். இங்கே கவனியுங்கள், அது ஒப்பிடுவது மாதிரிக்குள் இருக்கும் ரிக்வெஸ்ட் நகலோடு. பாத்தை நீங்கள் மேலே மாற்றியிருந்தாலும் மாதிரிக்குள் பழைய பாத் இருந்தால், மாக் பழையதற்குத்தான் பதில் சொல்லும். முதலில் சொன்ன நகல் விஷயம் இங்கே வந்து கடிக்கிறது. உங்கள் கருவியில் ஒரே பாத்துக்கு இரண்டு மாதிரி இருந்தால் எது ஜெயிக்கும்? புதியதா, பழையதா, அகர வரிசையில் முதலாவதா? எழுதியவருக்கே தெரியவில்லை என்றால் (நடக்கும்), ஆவணம் எழுதும் சாக்கில் ஒரு விதியை முடிவுசெய்ய வையுங்கள்.

ஓபன்ஏபிஐக்கு (ஏபிஐயை விவரிக்கும் பொது வடிவம்) ஏற்றுமதி செய்யும் வசதி இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஓபன்ஏபிஐ 3-இல் ஒரு மீடியா டைப்புக்குக் (ஜேசன் போன்ற உள்ளடக்க வகை) கீழே எக்ஸாம்பிள் என்று ஒருமையிலும் போடலாம், எக்ஸாம்பிள்ஸ் என்று பன்மையிலும் போடலாம், ஆனால் இரண்டையும் ஒரே இடத்தில் போடக் கூடாது. பன்மையில் போட்டால் ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு பெயர் இருக்கும், பதில் அதன் வேல்யூ என்ற ஃபீல்டுக்குள் போக வேண்டும். 2021-இல் வந்த 3.1-இல், ஸ்கீமாவுக்கு (எந்தெந்த ஃபீல்டு, என்ன வகை என்ற விவரிப்பு) உள்ளேயும் எக்ஸாம்பிள்ஸ் என்ற அதே சொல் வருகிறது, அங்கே அது பெயர் இல்லாத வெறும் பட்டியல். ஒரே சொல், இரண்டு வடிவம், இடத்தைப் பொறுத்து அர்த்தம். ஓபன்ஏபிஐயின் முந்தைய வடிவமான பழைய ஸ்வாகர் 2.0-க்கு ஏற்றுமதி செய்தால் நிலைமை இன்னும் மோசம், ஒரு ரெஸ்பான்ஸில் ஒவ்வொரு மீடியா டைப்புக்கும் ஒரே ஒரு மாதிரிக்குத்தான் இடம், நீங்கள் கஷ்டப்பட்டு எடுத்த ஐந்தில் நான்கு சத்தமில்லாமல் காணாமல் போகும். எது காணாமல் போகும் என்று சொல்லாத ஏற்றுமதி ஆவணம் எழுதாமல் இருப்பதே மேல்.

கடைசியாக, மாதிரி பழசாவது. இதற்கு முழுத் தீர்வு இல்லை, ஆனால் பாதித் தீர்வு இருக்கிறது. ஸ்பெக்ட்ரல் போன்ற லிண்டர்கள் (ஃபைலைப் படித்துப் பிழை சொல்லும் கருவிகள்) ஓபன்ஏபிஐ ஃபைலில் இருக்கும் மாதிரி அதன் ஸ்கீமாவோடு பொருந்துகிறதா என்று பார்க்கும், அதை சிஐயில் (கோட் மாறும்போதெல்லாம் தானாக ஓடும் சோதனைகளில்) ஓடவிடலாம். ஆனால் ஸ்கீமாவில் புதிதாக ஒரு விருப்ப ஃபீல்டு வந்து அது மாதிரியில் இல்லை என்றால் லிண்டர் ஒன்றும் சொல்லாது, விருப்ப ஃபீல்டு இல்லாமல் இருப்பது சட்டப்படி சரிதானே. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் சோதனை சர்வருக்கு அதே ரிக்வெஸ்டை மறுபடி அனுப்பி, மதிப்புகளை விட்டுவிட்டு, ஃபீல்டு பெயர்களையும் வகைகளையும் மட்டும் ஒப்பிட வேண்டும். ஜேசனை அலசும் ஜேக்யூ கருவி தெரிந்தவர் சில வரிகளில் இதற்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிடுவார். முழு ஜேசனையும் அப்படியே ஒப்பிட வேண்டாம், தேதியும் ஐடியும் ஒவ்வொரு முறையும் மாறும், இரண்டாவது வாரமே எல்லோரும் அந்தச் சோதனையை அணைத்துவிடுவார்கள். இதெல்லாம் உங்கள் குழுவுக்கு இப்போது அதிகம் என்றால், எடுத்த தேதியையும் சர்வரின் பதிப்பையும் மாதிரியின் விவரத்தில் எழுதும்படி மட்டுமாவது ஆவணத்தில் சொல்லுங்கள்.

வரிசையைப் பற்றிக் கேட்டீர்கள் என்றால், நான் வைப்பது இப்படி: எது நகலாகிறது, ரகசியங்கள், மாக் தேர்வு விதி, அப்புறம் மற்றவை. எப்படிச் சேமிப்பது என்பதை எங்கே வேண்டுமானாலும் அந்த இரண்டு வரியில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட் ஒன்று போதும், சேமித்த மாதிரி திறந்த நிலையில், எந்தப் பகுதி ரிக்வெஸ்ட் நகல், எந்தப் பகுதி ரெஸ்பான்ஸ் என்று காட்டுவதாக இருக்கட்டும். அந்த ஸ்கிரீன்ஷாட்டை எடுப்பதற்கு முன்னால் ஆத்தரைசேஷன் ஹெடரில் என்ன தெரிகிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள், என்னுடைய ஒன்பதில் ஒன்றில் அது தெளிவாகவே தெரிந்தது.